வரைபடம் வரட்டும், சர்வே எண்ணோடு வரட்டும்!

(நீலகிரி மலைக் கிராமங்களில் நடந்த விளக்கக் கூட்டங்களில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ரெண்டு விதமான பேச்சு இப்போது ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. "நிலச்சரிவு வரைபடம் போடறாங்களாம், நம்ம தோட்டத்துல சிவப்பு அடிச்சாங்கன்னா நிலம் போச்சு" என்பது ஒன்று. "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும், நம்மள ஒண்ணும் பண்ணாது, மழை வந்தா பார்த்துக்கலாம்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம் சங்கம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை, அரசாங்கத்திடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஆபத்து உண்மை. இந்த மலை சரிகிற மலை. 1978 மழையில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மண் இறங்கியதைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கிப் பல உயிர்கள் போயின; குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை பல நாள் மூடியே கிடந்தது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை அது! அந்த ஒரு வாரத்தில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான சரிவு, 40 பேருக்கு மேல் சாவு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. அப்போது எத்தனை ஏக்கர் கேரட்டும் உருளைக்கிழங்கும் மண்ணோடு போனது என்பதைக் குந்தா பக்கத்துத் தோழர்களிடம் கேளுங்கள்.

ஏன் இப்படி? நம் காலடியில் கருங்கல் பாறை இருக்கிறது. அதன் மேல் பல அடி ஆழத்துக்கு, சில இடத்தில் கிணறு ஆழத்துக்கு, மக்கிய செம்மண். காய்ந்திருக்கும்போது அந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதைப் பார்த்துத்தான் வெட்டுகிறவர்களுக்குத் தைரியம் வருகிறது. ஆனால் நாலு நாள் விடாமல் பெய்து தண்ணீர் உள்ளே இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்கிவிட்டால் மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். அப்புறம் தேயிலைச் செடி, சில்வர் ஓக், வீடு எல்லாம் ஒரே பாயாகச் சுருண்டு கீழே வரும்.

ஆகவே, எந்தச் சரிவு இறங்கும், எது நிற்கும் என்று ஆராய்ந்து வரைபடம் போடுவது நல்ல காரியம். அதை எதிர்த்து இந்தச் சங்கம் கொடி பிடிக்காது. நம் பிள்ளைகள் படுத்துத் தூங்குகிற வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்குத்தான் முதலில்.

அப்படியானால் சண்டை எதற்கு? வரைபடம் எந்த அளவில் போடப்படுகிறது, யாரைக் கேட்டுப் போடப்படுகிறது, அதை வைத்து யார் கையைக் கட்டுவார்கள் — இதற்குத்தான் சண்டை.

நிலச்சரிவு ஆய்வுக்கு நாட்டில் பொறுப்பான துறை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, ஜி.எஸ்.ஐ. என்று சொல்வார்கள். 2014-இல் தொடங்கி நாட்டின் மலைப் பகுதி முழுவதற்கும், நம் மாவட்டத்துக்கும் சேர்த்து, வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதன் அளவு 50,000-க்கு 1. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். ஒரு ஏக்கர் சதுரமான நிலம் என்றால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். அந்த ஒரு ஏக்கர் அந்த வரைபடத்தில் எவ்வளவு பெரிசு தெரியுமா? ஒன்றேகால் மில்லிமீட்டர்! கடுகு வைத்தால் மறைந்து போகும். நம்மில் பாதிப்பேர் வைத்திருப்பது 40 சென்ட், 60 சென்ட். அதைப் பேனா முள்ளால் தொட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் நிலமும் சேர்ந்துவிடும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் கோடு போட்டால் அந்தக் கோட்டின் தடிமனே தரையில் 25 மீட்டர், அதாவது 80 அடி. என் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யார் சொல்வது?

சங்கத்தில் நாம் இதைச் செய்து பார்த்தோம். ஒரு கிராமத்தின் எஃப்.எம்.பி. புத்தகத்தையும் அந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். எஃப்.எம்.பி.யில் அளவுக்கல் எங்கே, வரப்பு எங்கே வளைகிறது, ஓடை எங்கே திரும்புகிறது எல்லாம் இருக்கிறது. வரைபடத்தில் அந்தக் கிராமமே ஒரு கட்டைவிரல் அகலம். இதைச் சொல்வது வரைபடம் போட்ட நிபுணர்களைக் குறை சொல்ல அல்ல. மாவட்டத்தில் எந்தப் பக்கம் கவனம் தேவை, ரோடு எந்த வழியாகப் போட வேண்டும் என்று பொதுவாகத் திட்டம் போடத்தான் அந்த அளவு. ஊர் அளவில் முடிவெடுக்க 10,000-க்கு 1, 5,000-க்கு 1 என்று போட வேண்டும். தனி இடத்தைப் பற்றிச் சொல்ல 1,000-க்கு 1, 2,000-க்கு 1 வரை போக வேண்டும். இது அந்தத் துறைக்கே தெரிந்த விஷயம்தான். 50,000 அளவில் போட்டதைக் கையில் வைத்துக்கொண்டு சர்வே எண் 214/3-க்கு அனுமதி உண்டா இல்லையா என்று மேசையில் உட்கார்ந்தபடி தீர்ப்பு எழுதினால் அதைத்தான் எதிர்க்கிறோம். துணியை அளக்கிற கஜக்கோலை வைத்துத் தங்கத்தை எடை போட முடியாது.

வரைபடம் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதிகாரி வந்து பேசும்போது முழிக்கக் கூடாது பாருங்கள். முறைகள் பல இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1998-இல் வெளியிட்ட முறை ஒன்று, நம் பள்ளிக்கூடப் பரிட்சை மாதிரி மதிப்பெண் போடுகிறது. மொத்தம் 10. பாறை எப்படிப்பட்டது என்பதற்கு 2, பாறையின் விரிசலும் சாய்வும் எந்தப் பக்கம் என்பதற்கு 2, மலைச் சரிவு எத்தனை டிகிரி என்பதற்கு 2, நிலத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு 2, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் 1, தண்ணீர் ஊறுகிறதா சொட்டுகிறதா என்பதற்கு 1. அதிக மதிப்பெண் வாங்கினால் அதிக ஆபத்து. ஏழரைக்கு மேல் போனால் மிக அதிக ஆபத்து. இதில் நிலப் பயன்பாட்டுக்கு என்ன மதிப்பெண் என்று பாருங்கள். செடி கொடி இல்லாத மொட்டை நிலத்துக்கு முழுசாக 2. சமன்படுத்திய பயிர் நிலத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. அடர்ந்த காட்டைவிடவும் குறைவு! அதாவது வரப்புப் பிடித்து ஒழுங்காகப் பயிர் செய்கிற விவசாயி மலைக்கு எதிரி என்று அந்த முறை சொல்லவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே முறையில் இல்லாத ஒன்றையும் கவனியுங்கள். மழை அந்தப் பத்து மதிப்பெண்ணில் இல்லை. போன மாசம் ஜே.சி.பி. வந்து முப்பது அடி உயரத்துக்கு மலையை வெட்டினதற்கும் அதில் தனிக் கட்டம் இல்லை. வரைபடம் போட்ட வருஷத்தில் மலை எப்படி இருந்ததோ அதைத்தான் காட்டும். மேலே ஒருத்தர் சொகுசு விடுதிக்கு மண்ணை வெட்டுகிறார். வெட்டின மண்ணை ஓடையில் தள்ளுகிறார். ஓடை திசை மாறி நம் தோட்டத்துக்குள் இறங்குகிறது. அடுத்த முறை வரைபடம் போட வருகிறவர்கள் "சரிவு ஏற்பட்ட இடம்" என்று யாருடைய நிலத்தில் புள்ளி வைப்பார்கள்? வெட்டினவர் நிலத்திலா, புதைஞ்சவர் நிலத்திலா?

இது வீம்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. 2024 ஜூலை 30 அன்று விடியற்காலையில் நமக்குப் பக்கத்து மாவட்டமான வயநாட்டில் நடந்ததைப் பாருங்கள். கூடலூரிலிருந்து எவ்வளவு தூரம்? மண் உடைந்தது மலை உச்சிப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில். செத்தவர்கள் அங்கே குடியிருக்கவில்லை. பாறையும் மரமும் தண்ணீருமாக ஆற்று வழியே 8 கிலோமீட்டர் இறங்கி வந்து முண்டக்கையையும் சூரல்மலையையும் அழித்தது. 250 பேருக்கு மேல் பிணமாக எடுத்தார்கள், பலர் கிடைக்கவே இல்லை. சூரல்மலைக் கடைவீதி ஆற்றங்கரையில் இருந்தது, செங்குத்துச் சரிவில் இல்லை. சரிவு எங்கே தொடங்கும் என்று மட்டும் காட்டுகிற வரைபடம் அந்த மக்களைக் காப்பாற்றியிருக்காது. சரிந்தது எந்த வழியாக ஓடும், எங்கே போய் நிற்கும் என்பதும் வரைபடத்தில் வர வேண்டும்.

அதற்கு முன்னால் 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மேல் மலை இறங்கி 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் போனவர்கள். லயத்தை எங்கே கட்டுவது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆபத்தான இடத்தைத் தேடிப்போய்க் குடியேறுகிறவன் எவனும் கிடையாது. மிச்சம் இருக்கிற இடம்தான் ஏழைக்குக் கிடைக்கிறது.

நம் மாவட்டத்திலும் அதே கதைதான். கடந்த சில வருஷமாக மழைக்கு முன்னால் மாவட்ட நிர்வாகம் சொல்கிற எண் 283. அத்தனை இடங்கள் அபாயகரமானவை என்று பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா? கை தூக்குங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுப் பார்த்தோம். நாலைந்து கை தூக்கும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பட்டியல் அதிகாரிகளிடம் இருக்கிறது. மண் நம் தலைமேல் இருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத் திட்டத்தில் எந்தெந்தப் பகுதிக்கு என்ன ஆபத்து என்று எழுதியே ஆக வேண்டும். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுவதற்கு எத்தனை ரூபாய் ஆகும்?

அடுத்தது கட்டுப்பாடு. நமக்குக் கட்டுப்பாடு புதுசு இல்லை. ஹாக்கா என்று நாம் சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் வந்தது. மலைவாசத் தலங்களுக்கான கட்டட விதி 1993-இல் வந்தது. உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. ஊட்டி, குன்னூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டே போங்கள், ஏழு மீட்டர் எது, பதினேழு மீட்டர் எது என்று. பொழுது போகும்! ஜே.சி.பி. ஓட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்கிறார்கள். சரிதான். ஆனால் ஒழுகுகிற வீட்டுக்குப் பின்னால் ரெண்டடி மண் எடுக்கிற விவசாயி ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கணும். ராத்திரியோடு ராத்திரியாக மலையைக் குடைகிறவருக்கு எந்த ஆபீசும் தூரம் இல்லை. விதி இல்லாமல் மலை கெடவில்லை. விதி இளைத்தவன் மேல் மட்டும் ஏறுவதால்தான் கெட்டது. புது வரைபடமும் அந்தக் கணக்கிலேயே போய்விடக் கூடாது என்பதுதான் நம் கவலை.

இங்கே ஒரு விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழல் உணர்திறன் பகுதி என்று மத்திய அரசு 2014 முதல் 2024 வரை ஆறு முறை வரைவு வெளியிட்டது. அதையும் இதையும் போட்டுக் குழப்பி, "விவசாயமே பண்ணக் கூடாதாம்" என்று கிளப்பிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. அந்த வரைவு தடுப்பது சுரங்கம், கல்குவாரி, அனல் மின் நிலையம், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பெரிய கட்டடம் போன்றவற்றை. நம் கேரட் பாத்தியை அல்ல. கிளப்பிவிடுகிறவர் யார், அவருக்குக் குவாரி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு அப்புறம் பயப்படுங்கள்.

ஆனால் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். கூடலூர் தோழர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-இல் போட்டது. அதில் செக்‌ஷன் 17-இல் மாட்டிக்கொண்ட நிலத்துக்கு அரை நூற்றாண்டு ஆகியும் தீர்வு வராமல் பாட்டனும் அப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். பட்டா இல்லை, கரண்ட் கனெக்‌ஷனுக்குப் போராட்டம், பேங்க் வாசல்படி மிதிக்க முடியாது. காகிதத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு முடிவு சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம். வரைபடத்தில் சிவப்பு விழுந்த நிலத்துக்கு நாளைக்கு பேங்க்காரர் கடன் தருவாரா? விலை பாதியானால், அந்தப் பாதி விலைக்கு வாங்கிப் போடுகிறவர் யார்? இதற்கெல்லாம் பதிலை முன்கூட்டியே, எழுத்தில் வாங்க வேண்டும்.

சிவப்பு என்றால் என்ன அர்த்தம் என்பதை முதலில் சட்டத்தில் எழுது என்கிறோம். ஸ்விட்சர்லாந்தும் மலை நாடுதான், அங்கேயும் மாடு மேய்க்கிற சிறு விவசாயிதான். அங்கே ஊர் ஊராக, மனை மனையாகத் தெரிகிற அளவில் ஆபத்து வரைபடம் போட்டு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பிரித்திருக்கிறார்கள். சிவப்பில் புதுசாக வீடு கட்டக் கூடாது. நீலத்தில் நிபந்தனையோடு கட்டலாம். மஞ்சள் எச்சரிக்கை மட்டும். புல் அறுப்பதற்கும் மேய்ப்பதற்கும் சிவப்பு தடை இல்லை. வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாமும் அதைத்தான் கேட்கிறோம். சிவப்பு விழுந்தால் அங்கே குடியிருப்பு வேண்டாம், விடுதி வேண்டாம், மலையை வெட்டாதே. ஆனால் பயிர் அங்கே இருக்கட்டும். சரிவுக்கு நேர்க்கீழாகப் பாத்தி போட்டால் தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகும் என்றால், சமமட்டமாக வரப்புப் போடவும் தேயிலை வரிசைக்கு நடுவில் குழி வெட்டவும் கூலியை மானியமாகக் கொடு. ஊட்டியில் மண்வள ஆராய்ச்சி நிலையம் 1954-இலிருந்து இருக்கிறது. அங்கே கண்டுபிடித்ததை நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்து செய்து காட்டு.

நிலம் போனால் என்ன கிடைக்கும் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தால் வயிறு எரியும். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண நிதி விதிமுறையில், நிலச்சரிவில் நிலமே அடித்துக்கொண்டு போனால் ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். ஏக்கருக்குப் போட்டால் 19,000 சொச்சம். நிலத்துக்கு, பயிருக்கு இல்லை; நிலமே போனதற்கு! வயலில் மண் மூடினால் அதை அள்ள ஹெக்டேருக்கு 18,000. இந்தக் காசுக்கு ஒரு ஏக்கர் மண்ணை அள்ளிக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். அதிலும் சிறு குறு விவசாயியாக இருக்க வேண்டும், வருவாய்க் கணக்கில் பேர் இருக்க வேண்டும். அப்பா பேரிலேயே பட்டா கிடக்கிறவன், வாய்மொழிக் குத்தகைக்குக் கிழங்கு போட்டவன், செக்‌ஷன் 17-காரன், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்து சரிவில் குடிசை போட்டு நாற்பது வருஷமாகப் பட்டா கேட்டு மனு கொடுக்கிறவன், இவர்களுக்கு அதுவும் இல்லை. வரைபடம் போடும்போது மட்டும் இவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள், "அபாயப் பகுதி ஆக்கிரமிப்பாளர்" என்ற பேரில். ஆகவே இடம் மாற்றுவதாக இருந்தால், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொழுந்து பறிக்க நடந்து போகிற தூரத்திலேயே மாற்று மனையைக் காட்டிவிட்டுத்தான் குடியைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். முப்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் பஸ் சார்ஜுக்கே கூலி போய்விடும்.

நம் ஆட்களிலேயே சிலர் வேறு மாதிரி சொல்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. "பசுந்தேயிலைக்கு விலை இல்லை. உரக்கடைப் பாக்கி நிற்கிறது. பிள்ளை கல்யாணத்துக்கு நாலு சென்ட் விடுதிக்காரருக்கு விற்றால்தான் உண்டு. வரைபடம் வந்தால் அதுவும் போச்சு, சங்கம் எதிர்க்கணும்" என்கிறார்கள். அவர்கள் சங்கடம் நமக்குப் புரியாமல் இல்லை. கொழுந்துக்குக் கட்டுபடியான விலை கிடைத்தால் எவனும் பாட்டன் நிலத்தை விற்க மாட்டான். அந்தப் போராட்டம் தனியாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் மேலே விற்ற நாலு சென்டில் மலையை வெட்டினால் கீழே பத்துக் குடும்பம் இருக்கிறது. விற்றவர் பணத்தோடு கோயமுத்தூர் போய்விடுவார். கீழே இருக்கிற பத்துக் குடும்பமும் இந்தச் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள்தான். அவர்கள் பக்கம்தான் சங்கம் நிற்கும்.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போவதில்லை. வரைபடம் போடுவதற்கு அடிப்படையே இதற்கு முன் எங்கெங்கே சரிந்தது என்ற கணக்குதான். ரோட்டோரம் சரிந்தால் கணக்கில் ஏறும், பேப்பரில் போட்டோ வரும். நம் தோட்டத்துக்குள் அரை ஏக்கர் இறங்கினதை யார் எழுதினார்கள்? அந்தக் கணக்கு நம் பெரியவர்கள் ஞாபகத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஹட்டியிலும் "அந்தப் பக்கம் வீடு கட்டாதே" என்று பாட்டன் சொல்லிவிட்டுப் போன இடம் ஒன்று இருக்கும். பழைய வீடுகள் எங்கே நிற்கின்றன, புது வீடுகள் எங்கே ஏறியிருக்கின்றன என்று ஒரு தடவை நின்று பாருங்கள், புரியும்.

ஆகவே ஊருக்கு ஐந்து பேர், அதில் ரெண்டு பேராவது பெண்கள். கொழுந்து பறிக்க எல்லாச் சரிவிலும் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள்தானே. எஃப்.எம்.பி. நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். பழைய சரிவு எங்கே, எந்த வருஷம்? எங்கே தரையில் விரிசல்? எங்கே மரமும் கம்பமும் சாய்ந்து நிற்கின்றன? இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, வழக்கமாக வருகிற ஊற்று நின்றுவிட்டதா, கலங்கலாக வருகிறதா? யாருடைய வீட்டுக் கதவு திடீரென்று சாத்த முடியாமல் இறுகுகிறது? ரோட்டுத் தண்ணீரைக் குழாய் வைத்து யாருடைய நிலத்தில் திறந்து விட்டிருக்கிறார்கள்? எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு பென்சிலில் குறியுங்கள். மேலே யார் வெட்டுகிறார்கள், எப்போதிலிருந்து என்பதையும் குறியுங்கள். பேர் போட பயமாக இருந்தால் சர்வே எண் போதும். பேனா வேண்டாம், பென்சிலே போதும்; அடுத்த மழைக்கு மாற்ற வேண்டி வரும். ஜி.எஸ்.ஐ. 2024-இல் பூஸ்கலன் என்று ஒரு செல்போன் செயலி விட்டிருக்கிறார்கள். சரிவு நடந்தால் போட்டோவோடு அதில் அனுப்பலாம். காலேஜ் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

குறித்த வரைபடத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட வேண்டும். 283 இடப் பட்டியலில் நம் ஊர் இருந்தால் அதன் நகலையும், ஜி.எஸ்.ஐ. வரைபடத்தில் நம் கிராமப் பகுதியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு. மனு மாதிரி இந்தப் பிரசுரத்தோடு தனித் தாளாக இணைத்திருக்கிறோம். இன்னொன்று, நிலச்சரிவு முன்னறிவிப்பு. கொல்கத்தாவில் 2024 ஜூலையில் இதற்கென்று தேசிய மையம் திறந்தார்கள். நாட்டிலேயே முதலில் முன்னறிவிப்பு கிடைக்கத் தொடங்கிய மாவட்டங்களில் டார்ஜிலிங், கலிம்பாங்கோடு நம் நீலகிரியும் ஒன்று. இந்தக் கூட்டங்களில் அதை ஒரு தடவையாவது கேள்விப்பட்டதாகச் சொன்னவர் யாரும் இல்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கட்டுகிற ஒலிபெருக்கி ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. மழை நாளில் அந்த அறிவிப்பைத் தமிழில், ஊர் பேர் சொல்லி, பொழுது சாய்வதற்குள் அதில் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் இங்கிலீஷில் வந்தால் யாருக்கு உதவும்?

இதையெல்லாம் கேட்டுத்தான் வட்டாட்சியர் அலுவலகங்கள் முன்னால் ஆர்ப்பாட்டம். சர்வே எண் அளவில் வரைபடம் போடும் வரைக்கும் 50,000 அளவு வரைபடத்தை வைத்துத் தனிப்பட்ட சிறு விவசாயி நிலத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. வரைவு வந்தால் கிராம சபையில் வைத்து, ஆட்சேபம் கேட்டு, ஆட்சேபம் சொன்னவர் நிலத்துக்கு நேரில் வந்து பார்த்து, பதிலை எழுத்தில் தர வேண்டும். கட்டுப்பாடு முதலில் மலையை வெட்டுகிறவர் மேல், ஓடையை மூடுகிறவர் மேல் பாய வேண்டும். நிவாரணத் தொகையை நிலத்தின் மதிப்புக்குத் தக்கபடி உயர்த்த வேண்டும், பயிர் செய்கிறவனுக்கே தர வேண்டும்.

தேதியும் நேரமும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்குக் கொழுந்து எடுப்பதை முதல் நாளே முடித்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் பட்டா அல்லது அடங்கல் நகல், இருந்தால் எஃப்.எம்.பி. நகல், சரிவு நடந்த இடத்தின் போட்டோ கொண்டு வாருங்கள். பட்டா இல்லாதவர்கள் ரேஷன் கார்டு நகல் போதும். உங்கள் ஊரில் நடந்து குறித்த பென்சில் வரைபடத்தை ரெண்டு நகல் எடுங்கள். ஒன்றை வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்க வேண்டும், இன்னொன்று சங்க அலுவலகத்தில் இருக்கும். மழை பெய்தாலும் ஆர்ப்பாட்டம் நடக்கும். குடை கொண்டு வாருங்கள்.